வாசலில் நிற்பவருக்கு எங்கே இடம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்று வாரமாக உங்கள் ஞாயிறு இணைப்பில் இளம் வாசகர்கள் எழுதும் ஜாம்பி கதைகளைப் போட்டு வருகிறீர்கள். உலகம் முழுக்க ஜாம்பிகள் பெருகிவிட்டன, மிஞ்சிய நூறு இருநூறு பேர் ஒரு பெரிய சுவருக்குள் அடைந்து கிடக்கிறார்கள், அப்புறம் என்ன நடக்கும் என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். வந்ததை எல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள், சில இடங்களில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மனசு அடங்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கதையிலும் சுவர் இருக்கிறது. எத்தனை அடி உயரம், மேலே என்ன கம்பி, எந்த மூலையில் காவல் கோபுரம், எத்தனை துப்பாக்கி, எல்லாக் கணக்கும் இருக்கிறது. வாசலும் இருக்கிறது, ஆனால் அதற்கு அந்தக் கதைகளில் வேலையே இல்லை. மூடிக் கிடக்கும், கடைசியில் உடையும். வெளியே யாராவது வந்து தட்டினால் கதாநாயகன் இரக்கப்பட்டு அப்படியே திறந்துவிடுகிறான், வந்தவன் கடிபட்டதை மறைத்திருக்கிறான், ராத்திரியோடு ராத்திரியாக ஊர் அழிகிறது. இல்லாவிட்டால் தலைவர் திறக்க விடுவதில்லை, வெளியே நிற்கிற குடும்பம் உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாகிறது. திற, அல்லது சாகவிடு. மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் பார்க்கிற படமும் ஆடுகிற விளையாட்டும் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

நான் 30 வருடத்துக்கு மேல் பொதுச் சுகாதார வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தொற்று நோய், தண்ணீர், கழிப்பறை, நிவாரண முகாம், இவைதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கதைகளைப் படிக்கும்போது என் கண் சுவருக்குப் போவதில்லை, வாசலுக்கு வெளியே போகிறது. அங்கே ஒரு கொட்டகை இருக்கிறதா, அதில் ஒரு பானைத் தண்ணீர் இருக்கிறதா என்று தேடுகிறேன்.

கதையின் விதியையே எடுத்துக்கொள்வோம். கடிபட்டவர் சில மணி நேரத்தில், மிஞ்சிப் போனால் ஒரு நாளில் மாறிவிடுகிறார். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அப்படி என்றால், தட்டி நிற்பவரை வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவே ஒரு தனி அறையில் இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னால் போதுமே? மூன்றாம் நாள் காலையில் அவர் மனிதராகவே இருந்தால் உள்ளே வரட்டும். யாரும் யாரையும் சுட வேண்டாம், யாரும் பொய் சொல்லவும் வேண்டாம். கடிபட்டதை ஒருவர் ஏன் மறைக்கிறார்? சொன்னால் கொன்றுவிடுவார்கள் என்பதால்தான். சொன்னாலும் காத்திருக்க ஓர் இடம் உண்டு என்று தெரிந்தால் பாதிப் பேர் தாமாகவே சட்டைக் கையை மடித்துக் காட்டுவார்கள். என் அனுபவத்தில் காய்ச்சலை மறைத்தவர்கள் அநேகமாகப் பயந்தவர்கள்தான், கெட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இது என் கற்பனையும் இல்லை. ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் இன்றைக்கு டுப்ரோவ்னிக் என்று சொல்கிற நகரம், அன்றைக்கு ரகூசா. சுற்றிலும் மதில், கடல் வணிகம்தான் வயிற்றுப்பாடு. 1377-ல், பிளேக் மாறி மாறி வந்துகொண்டிருந்த காலத்தில், அந்த நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது. நோய் உள்ள இடத்திலிருந்து வருகிற யாரும் நேராக நகரத்துக்குள் வரக் கூடாது, முதலில் பக்கத்துத் தீவிலோ, சொன்ன இன்னொரு ஊரிலோ ஒரு மாதம் தங்க வேண்டும். பிறகு வரலாம். கதவை அடைத்திருந்தால் வணிகம் செத்து நகரமே பட்டினி கிடந்திருக்கும், திறந்து போட்டிருந்தால் நோய் தின்றிருக்கும். அந்த ஒரு மாதம் பிற்பாடு 40 நாளாயிற்று. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்துதான் குவாரன்டைன் என்ற சொல்லே வந்தது. வெனிஸ் நகரம் 1423-ல் ஒரு தீவில் இதற்கென்றே நிரந்தரமான இடம் ஒன்றைக் கட்டிவிட்டது. கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம், பிளேக்கைப் பரப்புவது எலியும் தெள்ளுப்பூச்சியும் என்பதும் தெரியாது. இருந்தாலும் வருகிறவரை என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 600 வருடம் கழித்து எழுதுகிற நம் கதைகளில் அந்த யோசனை ஏன் காணாமல் போயிற்று என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பல வருடம் முன்னால், வயிற்றுப்போக்கு பரவிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு நிவாரண முகாமின் வாசலில் என்னை நிறுத்தினார்கள். உடம்புக்கு முடியாதவர்களை உள்ளே விடாதே, வேறு இடத்துக்கு அனுப்பு என்பது உத்தரவு. சரியான உத்தரவுதான். ஆனால் அந்த வேறு இடம் எது என்று யாரும் சொல்லவில்லை, அப்படி ஓர் இடமே இன்னும் ஏற்பாடாகவில்லை. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தார். குழந்தைக்கு உடம்பு கொதித்தது. "கொஞ்சம் இருங்கம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் நின்றார். வெயிலில், வாசலுக்கு வெளியே, சாயங்காலம் வரைக்கும் நின்றார். நான் உள்ளே போய்ப் போய்க் கேட்டேன், யாரிடமும் பதில் இல்லை. இருட்டுகிற நேரத்தில் பார்த்தபோது அவர் அங்கே இல்லை. எங்கே போனார், குழந்தை என்னவாயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும் ஒரு குடம் தண்ணீரும் இருந்திருந்தால் போதும், என் கையாலேயே கட்டியிருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை. இந்தக் கதைகளில் சுவருக்கு வெளியே நிற்கிற குடும்பத்தைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் தெரிகிறார்.

கொட்டகை போட்டால் மட்டும் போதாது, அதற்கு ஒழுங்கு வேண்டும். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரையும் ஒரே அறையில் அடைப்பதுதான் பொதுவாகச் செய்கிற தப்பு; அதில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் நாமே கொடுத்ததாகிவிடும். தனித்தனியாகத் தடுப்பு வேண்டும், முடியாவிட்டால் குடும்பம் குடும்பமாகவாவது பிரிக்க வேண்டும். பாதி நாளில் புது ஆள் ஒருவரைச் சேர்த்தால் எல்லாருக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கதவில் கரிக்கட்டியால் வந்த நாளை எழுதி வைக்க வேண்டும், உள்ளே இருப்பவருக்கும் அது தெரிய வேண்டும், ஏனென்றால் எத்தனை நாள் என்று தெரியாமல் காத்திருப்பதைப் போல மனிதனைக் கிறுக்காக்குவது வேறு இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு விலகி வருவதற்கு ஒரு பலகை. அவர்களுக்கென்று தனிக் கழிப்பறை. எல்லாவற்றையும்விட, தினமும் வந்து தூரத்தில் நின்றாவது பேசுகிற ஒரு ஆள்.

அப்புறம், விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உணவு தேடி வெளியே போய்த் திரும்புகிற தலைவரின் மகனும் அதே கொட்டகையில்தான் உட்கார வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பிரான்சின் மார்சே நகரம். 1720 மே மாதம் கிழக்கிலிருந்து பருத்தியும் பட்டும் ஏற்றிக்கொண்டு கிராண்ட் செயிண்ட் ஆண்டுவான் என்ற கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வந்தது. வழியிலேயே கப்பலில் ஆட்கள் செத்திருந்தார்கள். மார்சேயில் குவாரன்டைன் முறை புதிதில்லை, நன்றாகப் பழகிய முறை. சந்தேகம் உள்ள கப்பலைத் தூரத்துத் தீவில் நிறுத்த வேண்டும். ஆனால் அந்தச் சரக்கில் நகரத்தின் முதல் மாஜிஸ்திரேட்டுக்கே பங்கு இருந்தது, சந்தை நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. சரக்கை நகரத்தை ஒட்டிய தனிமைக் கூடத்திலேயே இறக்கினார்கள். அங்கிருந்து பிளேக் வெளியே வந்தது, மார்சேயில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள். வாசல் இருந்தது, காவல் இருந்தது, விதியும் எழுத்தில் இருந்தது. வேண்டியவர்களுக்காக ஒரே ஒரு தடவை வளைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சுவர் கட்டினார்கள், இதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1721-ல் ப்ரோவான்ஸ் மலைகளில் கல்லின் மேல் கல் அடுக்கி, சுமார் 27 கிலோமீட்டருக்கு, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு சுவர். காவல் குடில்கள், இரவும் பகலும் சிப்பாய்கள், மார்சே பக்கத்து நோய், அன்றைக்குப் பிரான்சோடு சேராமல் போப்பின் ஆட்சியில் இருந்த அவிஞ்ஞோன் பக்கம் தாண்டிவிடக் கூடாது என்று. அதே வருடம் அவிஞ்ஞோனுக்குள் பிளேக் வந்துவிட்டது. உடனே மறுபக்கத்துப் பிரெஞ்சுப் படை வந்து அதே சுவரை இப்போது எதிர்த் திசையில் காவல் காத்தது, அவிஞ்ஞோன்காரர்கள் தங்கள் பக்கம் வரக் கூடாது என்று. நேற்று வரை உள்ளே இருந்தவர்கள் ஒரே மாதத்தில் வெளியே இருப்பவர்கள் ஆகிவிட்டார்கள். அந்தக் கற்களில் கொஞ்சம் இன்னும் மலையில் கிடக்கிறது. ஜாம்பி கதை எழுதுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல கரு கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

சுவரை நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அடைத்து வைத்ததால் பிழைத்தவர்களும் உண்டு. 1918-ல் உலகத்தையே வாரிக்கொண்டு போன அந்த இன்ஃப்ளூயன்சாவில், அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் கன்னிசன் என்ற சின்ன ஊர் சாலைகளைத் தடுத்து, ரயிலில் வந்து இறங்கியவர்களைச் சில நாள் தனியே வைத்து, குளிர்காலம் முழுக்க அப்படியே தாக்குப்பிடித்தது. பசிபிக்கில் இரண்டு சமோவாக்களின் கதையை யார் படித்தாலும் மறக்க முடியாது. அமெரிக்க சமோவாவின் ஆளுநர் ஜான் போயர் வருகிற கப்பல்களைத் தனிமைப்படுத்தினார், அங்கே அந்த நோயில் ஒருவர்கூடச் சாகவில்லை. பக்கத்திலேயே இருந்த மேற்குச் சமோவாவில், 1918 நவம்பர் 7-ஆம் தேதி, நோயாளிகளோடு வந்த தாலூன் என்ற கப்பலைக் கரையில் விட்டார்கள். சில வாரத்தில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வாசலைக் காத்தவர்களுக்கும் காக்காதவர்களுக்கும் இருந்த தூரம் அவ்வளவுதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், பிழைத்த இடங்களில் வந்தவரை யாரும் சுட்டுத் தள்ளவில்லை, காத்திருக்கத்தான் வைத்தார்கள்.

என் பேத்தி இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் ஒரு கதை எழுதியிருக்கிறாள், உங்களுக்கு இன்னும் அனுப்பவில்லை. 2009-ல் கனடாவின் ஒட்டாவா, கார்ல்டன் பல்கலைக்கழகக் கணிதக்காரர்கள் ஜாம்பி பரவலுக்கே சமன்பாடு போட்டுப் பார்த்ததை எங்கேயோ படித்துவிட்டு வந்து, "பாருங்க தாத்தா, தனிமைப்படுத்தினா பிரயோஜனம் ரொம்பக் கம்மி, திரும்பத் திரும்ப வேகமா அடிச்சாத்தான் மனுஷங்க மிஞ்சுவாங்கன்னு கணக்கே சொல்லுது" என்றாள். நல்ல கணக்குதான், ஜாம்பியை வைத்து நிஜ நோய்களின் கணிதத்தைச் சொல்லித்தருகிறது. ஆனால் அவர்கள் அடைத்து வைத்தது ஜாம்பிகளையும் ஏற்கெனவே நோய் தொற்றியவர்களையும். நான் பேசுவது தொற்றியதா இல்லையா என்றே தெரியாமல் வாசலில் நிற்கிறவரைப் பற்றி. ஆட்களை வகைவகையாகக் கட்டம் போட்டுப் பிரிக்கிற அந்தக் கணக்கில் அவரை எந்தக் கட்டத்தில் போடுவாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அதுக்கு ஒரு கட்டம் வேணும்" என்றாள்.

அவள் கதையில் எனக்குப் பிடிக்காத இடம் இன்னொன்று இருந்தது. சுவருக்குள் சாப்பாடு குறைந்ததும் தாத்தா பாட்டிகள் எல்லாம் ஒரு ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் வாசலைத் திறந்துகொண்டு வெளியே நடந்துவிடுகிறார்கள். தியாகமாம். உங்கள் இணைப்பில் வந்த வேறு இரண்டு கதையிலும் இதே காட்சி பார்த்தேன். அவளிடம் பரோயே தீவுகளைப் பற்றிச் சொன்னேன். வட அட்லாண்டிக்கில் தனியே கிடக்கிற தீவுகள், கடல்தான் சுவர். அந்தச் சுவரால் 65 வருடம் அங்கே தட்டம்மையே இல்லை. 1846-ல் ஒரு ஆளோடு அது வந்து இறங்கியது. 8,000-க்கும் குறைவான ஜனங்களில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். யார் படுக்கவில்லை? 1781-ல் தட்டம்மை வந்துபோனபோது அதில் படுத்துப் பிழைத்து எழுந்த கிழவர்கள், கிழவிகள். பேனம் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் வீடு வீடாகப் போய் இதை எழுதி வைத்தார். வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் கிடக்கும்போது தண்ணீர் எடுத்து வரவும் அடுப்பு மூட்டவும் முடிந்தது அந்த வயதானவர்களால்தான் என்று யோசித்துப் பார் என்றேன். உடம்பில் பழைய நோயின் நினைவு இருக்கிறவர்களை முதலில் வெளியே அனுப்புகிற ஊர், தன் மருந்துப் பெட்டியைத் தானே வெளியே எறிகிறது. அவளுக்குப் புரிந்தது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டாள்.

சுவருக்கு உள்ளே நடப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது என் தொழில், சொல்லாமல் விட முடியாது. 200 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிவாரண வேலையில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு, அப்படியானால் 3,000 லிட்டர். தினமும். கழிப்பறை 20 பேருக்கு ஒன்று, ஆக 10, அதுவும் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி. சின்ன மதிலுக்குள் அந்த 30 மீட்டர் எங்கிருந்து கிடைக்கும்? சுவரை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது ஜாம்பி இல்லை, கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய இந்த தூரம்தான். சாப்பாட்டுக்கு ஆளுக்கு 2,100 கலோரி என்றால், முழுக்கத் தானியமாகவே கொடுத்தாலும் ஒரு நாளைக்கு 600 கிராம், 200 பேருக்கு 120 கிலோ, ஒரு வருடத்துக்குச் சுமார் 44 டன். எந்தக் கதையிலும் 44 டன்னை யாரும் சுமந்து நான் பார்க்கவில்லை. டின் உணவைக் கடையில் எடுத்து வருகிறார்கள், அது எத்தனை நாளைக்கு?

தண்ணீரை மட்டும் இன்னும் ஒரு பத்தி பேசிவிடுகிறேன். 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் காலரா வந்தது, 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஒட்டியே இருந்த ஊர் ஆல்டோனா. இரண்டு ஊருக்கும் நடுவே சுவர் கிடையாது, எல்லை தெருவிலேயே ஓடியது. தெருவின் ஒரு பக்கம் வீட்டுக்கு வீடு காலரா, மறுபக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ஊரும் குடித்தது ஒரே ஆற்றுத் தண்ணீர். அதிலும் ஆல்டோனா எடுத்தது ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழே ஓடி வந்த தண்ணீர். வித்தியாசம் என்னவென்றால், ஆல்டோனா அதை மணல் படுகையில் மெதுவாக வடிகட்டியது. மணலின் மேல்பரப்பில் கொழகொழவென்று ஒரு படலம் உண்டாகும், உயிருள்ள படலம், அதில்தான் கிருமிகள் சிக்கிச் சாகின்றன. அவசரப்பட்டு வேகமாகத் தண்ணீரை விட்டால் அது வேலை செய்யாது. மின்சாரம் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், ஒரு பெரிய தொட்டியும் மணலும் சரளைக்கல்லும் பொறுமையும் இருந்தால் சுவருக்குள் இருப்பவர்களே கட்டிக்கொள்ளலாம். ஜாம்பியிடமிருந்து தப்பி உள்ளே வந்தவர்களை முதல் மழைக்காலத்தில் கொல்லப்போவது இந்தத் தண்ணீர்தான். எழுதுகிற பிள்ளைகளில் ஒருவராவது அந்த மணல் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணைக் கதாநாயகியாக வைத்தால் அந்தக் கதையை நான் நாலு பேருக்குப் படித்துக் காட்டுவேன்.

சுவரே இல்லாமல் அடைந்து கிடந்த ஒரு ஊரும் உண்டு. இங்கிலாந்தில் ஈம் என்ற கிராமம். 1665-ல் லண்டனிலிருந்து தையற்காரருக்கு வந்த துணி மூட்டையோடு பிளேக் வந்தது. அடுத்த கோடையில், ஆட்கள் ஊரைவிட்டு ஓடத் தொடங்கும் நேரத்தில், பாதிரியார் வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன்னால் அங்கே இருந்து கொள்கைத் தகராறில் பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியும் ஒன்றாக நின்று ஊர்க்காரர்களிடம் பேசினார்கள். நாம் யாரும் எல்லையைத் தாண்ட வேண்டாம், நோய் நம்மோடு நிற்கட்டும் என்று. ஊர் ஒத்துக்கொண்டது. எல்லைக் கல்லில் குழி தோண்டி வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். சுமார் 260 பேர் செத்தார்கள். எலிசபெத் ஹேன்காக் என்ற ஒரு பெண் எட்டு நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். மொம்பெசனின் மனைவியும் போனார். அவர்கள் செய்தது மருத்துவ ரீதியில் சரியா, வெளியே கொட்டகை போட்டுப் பிரிந்து தங்கியிருந்தால் இன்னும் பலர் பிழைத்திருப்பார்களா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பிழைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த எல்லைக் கல்லை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கைவிடவில்லை. காசும் சாமானும் கடைசி வரை அந்தக் கல்லைத் தாண்டிப் போய் வந்தன.

இப்போது கடிக்கு வருகிறேன். ஜாம்பி என்ற நம்பிக்கை பிறந்த ஹெய்ட்டியில் அது கடிக்காது, தொற்றாது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட மக்களின் பயம் அது, செத்தாலும் எழுப்பிக் கொண்டுபோய் வேலை வாங்குவார்களோ என்ற பயம். கடித்தால் தொற்றும் என்பது பிற்காலத்து சினிமா சேர்த்தது. ஆனால் கடித்துத் தொற்றுகிற நோய் நிஜத்தில் இருக்கிறது, வெறிநாய்க்கடி. உமிழ்நீரில் வருகிற வைரஸ், நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது, அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடித்ததற்கும் அறிகுறிக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. அந்த நாட்கள்தான் மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பு. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், உடனே தடுப்பூசி போட வேண்டும். ஜாம்பி கதையில் காயத்தைக் கழுவுகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கடி என்றதும் துப்பாக்கியை எடுக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆள் யாருமில்லை. கற்பனைதானே, அதில் என்ன போச்சு என்று கேட்கலாம். கடிபட்டவன் முடிந்தான் என்று பத்து வயதிலிருந்து பார்த்துப் பழகிய பிள்ளை, நிஜமாக ஒரு நாய் கடித்தால் பயந்து வீட்டில் மறைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

1885 ஜூலையில் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை வெறிநாய் கடித்துக் குதறியது. அவனுடைய அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போய் லூயி பாஸ்டர் முன்னால் நின்றார். மனிதருக்கு அதுவரை அவர் அந்தத் தடுப்பூசியைப் போட்டு நிரூபித்ததில்லை. பாஸ்டர் மருத்துவரும் கிடையாது, தவறினால் பழி தன் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் 13 ஊசி போடச் செய்தார். பையன் பிழைத்தான். வளர்ந்து பெரியவனான பிறகு அந்தப் பையன் பார்த்த வேலை என்ன தெரியுமா? பாஸ்டர் நிறுவனத்தின் வாயில்காப்பாளர். கடிபட்டு வந்து வாசலில் நின்ற பிள்ளை, வருகிறவர்களுக்கு வாசலைத் திறந்துவிடுகிறவர் ஆனார்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதைத் தொடரை நிறுத்திவிடாதீர்கள், பிள்ளைகள் இதில்தான் பயத்தை எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். அடுத்த சுற்றுக்கு அழைக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்துப் பாருங்கள்: கதை சுவரின் வாசலில் தொடங்க வேண்டும், வெளியே ஒருவர் நிற்க வேண்டும், அவரைச் சுடவும் கூடாது, அப்படியே உள்ளே விடவும் கூடாது. மீதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பேத்தி தன் கதையை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். வாசலுக்கு வெளியே கொட்டகை வந்துவிட்டது, கதவில் நாள் எழுதியாயிற்று, உள்ளே கையில் கடிக்காயத்தோடு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டார்கள். நேற்று ராத்திரி எழுந்து வந்து, "தாத்தா, அவன் தனியா இருக்கான், ராத்திரி அவனோட யார் பேசுவா?" என்று கேட்டாள். நீயே ஒருவரைக் கண்டுபிடி என்று சொல்லியிருக்கிறேன். முடித்ததும் அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு சுகாதாரப் பணியாளர்